பாம்பனில் கூண்டு ஏறினால் மதுரைக்கு என்ன வேலை?

மதுரைக்காரர்களுக்குப் புயல் முதலில் தெரியவருவது மீன் கடையில்தான். கார்த்திகை பிறந்துவிட்டால் பாதி ஊர் மாலை போட்டிருக்கும். மீன் விலை இறங்க வேண்டிய மாதம் அது. அப்போதும் கரிமேட்டில் விலை ஏறினால் கடலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நகரையும் நெத்திலியும் இருக்க வேண்டிய பலகையில் கட்லாவும் ஜிலேபியும் கிடக்கும். "கடல் மீன் இல்லையாக்கா?" என்று கேட்டால், "டோக்கன் நிறுத்தி மூணு நாளாச்சு தம்பி, இனி டேம் மீன்தான்" என்று பதில் வரும்.

அந்த டோக்கன் சின்ன விஷயம் இல்லை. இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். இராமேஸ்வரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் தொழில்: திங்கள், புதன், சனி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் முதலில் நிற்பது இந்தச் சீட்டுதான். கடலோரத்தின் புயல் ஏற்பாடு அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. மீனவர் வீட்டில் வருமானமும் அன்றே நின்றுவிடுகிறது. பிறகு ஒரு வாரம் கழித்து வண்டி வந்து "வீட்டைக் காலி பண்ணுங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது, கேட்கிறவர் ஏற்கெனவே ஒரு வாரம் பாடு, அதாவது மீன்பிடி, இல்லாமல் இருக்கிறவர். இதை மனத்தில் வைக்காமல் "ஏன் இவங்க முகாமுக்குப் போக மாட்டேங்கறாங்க" என்று கேட்பதில் பயன் இல்லை.

நமக்கோ, புயல் என்பது "கரையைக் கடந்தது" என்ற செய்தியோடு முடிந்துவிடுகிறது. டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவோம். அந்த வினைச்சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். கடந்தது என்றால் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். கடந்தது எங்கே? கரைக்கு இந்தப் பக்கம், நம் பக்கம்தானே வந்திருக்கிறது! கடலோரத்தைப் புயலுக்குத் தயார் செய்கிற வேலையில் பாதி, கடலே கண்ணில் படாத ஊர்களில் இருக்கிறது. மதுரை அப்படிப்பட்ட ஊர்.

முதலில் கூண்டு. "பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று வருடா வருடம் படிக்கிறோம். கூம்பும் உருளையுமான உருவங்களைத் துறைமுகக் கம்பத்தில் ஏற்றுவதுதான் கூண்டு. இரவில் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண்கள் 1 முதல் 11 வரை. ஒன்றும் இரண்டும் தூரத்துச் செய்தி, கப்பல்களுக்கானது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பது. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது நடுவில் இருக்கிற எண்கள். 6ஆம் எண் 5ஐவிடப் பலமான புயல் என்று டீக்கடையில் சொல்வார்கள். அப்படி இல்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே தர ஆபத்து, பாதைதான் வேறு. புயல் போகிற பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, தலைக்கு நேராகவோ மிக அருகிலோ வந்தால் 7. நம் கரைக்குப் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வருவதால், 5 என்றால் அது துறைமுகத்துக்கு வடக்கே கடக்கப் போகிறது, 6 என்றால் தெற்கே. இதே கணக்கு 8, 9, 10க்கும் பொருந்தும்; அவை இன்னும் கடுமையான புயலுக்கானவை.

வடக்கா தெற்கா என்பதில் என்ன இருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது. நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. புயல் ஊருக்கு வடக்கே கடந்தால், முதலில் வாடையாக, அதாவது வடக்கிலிருந்து, அடிக்கிற காற்று மெல்லத் திரும்பிக் கச்சானாக, அதாவது மேற்கிலிருந்து, தரைப்பக்கமிருந்து அடிக்கும். கடல் உள்வாங்கக்கூட செய்யும். தெற்கே கடந்தால் கொண்டல். கிழக்கிலிருந்து கடலையே தள்ளிக்கொண்டு வரும். ஊருக்குள் தண்ணீர் ஏறுவது அந்தப் பக்கத்தில்தான். நேராகத் தலைக்கு மேல் வந்தால் வாடை உச்சத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றுபோகும். கூரை போனவர் வெளியே வந்து பார்ப்பார், ஆட்டைத் தேடுவார். அதுதான் கண். அது தாண்டியதும் எதிர்த்திசையான தெற்கிலிருந்து சோழகம் அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் சாய்ந்து நின்ற சுவர் இரண்டாவதில் விழும். "காத்து நின்னுடுச்சுன்னு வெளிய வராதீங்க" என்று முகாம்களில் சொல்வதன் காரணம் இதுதான்.

இராமேஸ்வரம் தீவுக்காரருக்கு இது படகைக் காப்பாற்றுகிற கணக்கும்கூட. தீவின் வடபக்கம் பாக் நீரிணை, தென்பக்கம் மன்னார் வளைகுடா. வாடை அடித்தால் வடகடலில் கட்டியிருக்கிற படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதையும். தென்கடல் ஓரளவு அடக்கமாக இருக்கும். சோழகம் என்றால் நேர் எதிர். அதனால்தான் எச்சரிக்கை வந்ததும் பாம்பன் கால்வாய் வழியே, ரயில் பாலத்தைத் திறக்கச் சொல்லி, படகுகளை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றுகிறார்கள். 1914இல் கட்டிய பழைய பாலம் இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும். எந்தக் கடலுக்கு மாற்றுவது என்று முடிவெடுக்கக் கூண்டின் எண்ணைவிட, புயல் எங்கே கடக்கும் என்ற தகவல் தேவை. அதுவும் பாலம் திறக்கிற நேரம், டீசல், நான்கு ஆள் எல்லாம் சேர்வதற்கு முன்னாலேயே தேவை. நாட்டுப்படகுக்காரர் பாடு வேறு. டிராக்டரை வரவழைத்துப் படகைக் கரையில் மேடாக ஏற்றி, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வீடே தாழ்வான இடத்தில் இருந்தால் எஞ்சினை எங்கே வைப்பது?

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? இந்திய வானிலை ஆய்வு மையத்தின் முறைப்படி புயல் பற்றிய முன்கூட்டிய தகவல் சுமார் 72 மணி நேரத்துக்கு முன், விழிப்பு அறிவிப்பு 48 மணி நேரத்துக்கு முன், எச்சரிக்கை 24 மணி நேரத்துக்கு முன், கரை கடந்தபின் உள்நாட்டில் என்ன ஆகும் என்ற அறிவிப்பு 12 மணி நேரத்துக்கு முன். காகிதத்தில் மூன்று நாள். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்கிற இடமே 70, 80 கி.மீ. தள்ளிப்போவது சகஜம். பாம்பனுக்கும் தொண்டிக்கும் நேர்க்கோட்டில் அவ்வளவு தூரம்கூட இல்லை. பாம்பனுக்குச் சற்றுத் தெற்கே கடக்கும் என்று சொன்னது தொண்டியில் கடந்தால் கணிப்பு கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் பாம்பன்காரருக்குக் கொண்டல் கச்சானாக மாறிவிட்டது. தள்ளிப்போகிற இந்த அளவையும் சேர்த்துத்தான் ஊர்களைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் காலி செய்த ஊர்களில் பல தப்பிக்கும். தப்பித்த ஊர் அடுத்த தடவை நம்பாது.

2020 டிசம்பரில் 'புரெவி' அப்படித்தான். திரிகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது இராமநாதபுரம் பக்கத்துக் கடலிலேயே வலுவிழந்து நாள்கணக்கில் நகராமல் கிடந்தது. மழை கொட்டியதென்னவோ வடக்கே காவிரிப் படுகையிலும் கடலூர் பக்கமும். "எல்லாம் சும்மா பயங்காட்டறாங்க" என்ற பேச்சு அதன் பிறகு கூடியது. இலங்கை நமக்கு முன்னால் மதில்போல் இருப்பதால் புயல் அங்கே பாதி செத்துத்தான் இங்கே வரும் என்ற நம்பிக்கையும் இந்தக் கரையில் உண்டு. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும் இலங்கையைக் கடந்து வந்ததுதான்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பெயர் வைத்தால்தான் புயல், பெயர் இல்லாவிட்டால் வெறும் மழை என்று நினைப்பது. காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தாண்டினால்தான் பெயர். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியபோது எந்தப் பெயரும் இல்லை. 2024 நவம்பர் 20இல் இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்ததற்கும் பெயர் கிடையாது. பெயருள்ள புயல் வருகிறதென்றால் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து கிளம்பிவிடும், அமைச்சர் வருவார், கேமரா வரும். பெயரில்லாத மழைக்கு வி.ஏ.ஓ.வும் ஊராட்சித் தலைவரும் மட்டும்தான். என்னைக் கேட்டால், ஒரு மாவட்டம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதைப் பெயரில்லாத மழையில்தான் பார்க்க வேண்டும்.

முகாமுக்கு வருவோம். கடலோரத்தில் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டியிருக்கிறார்கள். பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் இருக்கின்றன. கட்டடம் பிரச்சினை இல்லை. என் சொந்தக்காரர் வீடு மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறது. அந்த வீட்டுச் சித்தி ஒரு தடவை முகாமுக்குப் போய்விட்டு மறுதடவை மறுத்தார். சாப்பாடு நன்றாகத்தான் இருந்ததாம். முந்நூறு பேருக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. "வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு அங்க எப்படி ராத்திரி தங்குறது? புயலாவது ஒரு ராத்திரியில போயிரும்" என்றார். தாழ்ப்பாளின் விலை நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும்.

சித்தப்பா போகாததற்குக் காரணம் படகு. கயிறு அறுந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று கரையிலேயே இருந்துகொண்டார். வீட்டுக்கு ஒரு ஆண் இப்படிப் பின்தங்குவது கடலோரம் முழுக்க நடப்பது. இதைத் திட்டித் தீர்க்க முடியாது. எல்லாப் படகுக்கும் சேர்த்துக் கரையில் பத்துப் பேரைச் சங்கமே நிறுத்தி, மற்றவர்களை அனுப்பிவிடுகிற ஊர்களில் ஆள் சேதம் குறைவு. ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டுவிட வேண்டும், கட்டிப்போட்டால் மூழ்கிச் சாகும். ரேஷன் கார்டையும் படகுப் பதிவுச் சான்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பிரசவத் தேதி நெருங்கியவர்களை இரண்டு நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். கடைசியில் சொன்னதைத் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை சமீப காலமாக ஒழுங்காகவே செய்கிறது. கிராமச் செவிலியர் கையில் பட்டியல் இருக்கிறது, அதுதான் காரணம். மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்ற எண்கள் பலருக்கும் மனப்பாடம். ஆனால் செல்போன் கோபுரம் விழுந்த பிறகு அந்த எண்களால் என்ன ஆகும் என்பதை முன்னாலேயே யோசிக்க வேண்டும்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கதை தனி. 2017 நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த 'ஒக்கி' மறுநாள் காலை புயலாகிவிட்டது. குமரிக்காரர்கள் பல நாள் முன்னதாகவே கடலுக்குப் போயிருந்தார்கள், கரையின் குரல் எட்டாத தூரத்தில். செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வேகம் பிடித்தது அதற்கு அப்புறம்தான்.

தீவுக்கு இன்னொரு சிக்கல், வழி. இராமேஸ்வரத்துக்கு ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் போகாது என்ற ஏற்பாடு இருந்தது. 1964இல் அப்படித் தடுக்க ஏற்பாடு இல்லை. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியைத் தொடப்போகிற நேரத்தில், நூறுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. இப்போது ரயில் நின்றுவிடும், நல்லது. ஆனால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. காற்று வேகம் பிடித்த பிறகு தீவிலிருந்து யாரையும் வெளியே கொண்டுவர முடியாது. புயலின் கண் வருவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே அந்த வேகம் வந்துவிடும். ஆக எச்சரிக்கைக்கு 24 மணி நேரம் என்றால் தீவுக்காரருக்குக் கையில் இருப்பது ஒரு பகல். அந்தப் பகலில்தான் தனுஷ்கோடிக் குடிசைகளிலிருந்து ஆட்களை அழைத்துவர வேண்டும், சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், பச்சரிசியும் தண்ணீரும் ஜெனரேட்டர் டீசலும் உள்ளே போக வேண்டும். போவது எங்கிருந்து? பெரும்பாலும் மானாமதுரை, பரமக்குடி வழியாக, மதுரையிலிருந்து.

2018 நவம்பர் 16 விடிகாலையில் 'கஜா' நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியதை எல்லாரும் பாராட்டினார்கள், நியாயமான பாராட்டுதான். அடி விழுந்தது அதற்குப் பிறகு. கடலே பார்க்காத புதுக்கோட்டை ஊர்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயல் திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. கொடைக்கானலில் மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை என்றால் விளக்கு மட்டுமா போகிறது? மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிறையாது, குழாயில் தண்ணீர் வராது. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றி ஊர் ஊராகப் போய்த் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள். சாலை மறியல்கள் நடந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தத் தண்ணீருக்காகத்தான். மற்ற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் போய் நாள்கணக்கில் பள்ளிக்கூடத் தரையில் படுத்து வேலை பார்த்தார்கள். இடுப்பளவுச் சேற்றில் கம்பம் நட்ட அந்த லைன்மேன்களுக்குச் சாப்பாடு போட்டது, தன் வீட்டிலும் கரண்ட் இல்லாத கிராமத்து ஆட்கள்.

நம் ஊருக்கு நேரடியாக வருகிற பங்கு வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை வழியாக இராமநாதபுரம் போகிறது. கடலில் சேராத ஆறு என்று அதைக் கேலி செய்வதுண்டு. கண்மாய்களே குடித்துவிடும், மிச்சம் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கும். புயல் மேற்கே நகர்ந்து மலையில் மோதிப் பெய்தால் இந்தக் கேலி செல்லாது. வைகை அணையின் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அதன் பிறகு வருகிற தண்ணீர் அப்படியே வெளியே. யானைக்கல் தரைப்பாலத்தை மூடுவார்கள், நாம் பக்கத்து ஏ.வி. மேம்பாலத்தில் நின்று செல்ஃபி எடுப்போம். அதே தண்ணீர் விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை தாண்டி, ஓரிரு நாளில் கடலோரத்துக்குப் பின்னாலிருந்து போய்ச் சேரும். அங்கே முன்னாலிருந்து கடல். கொண்டல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் கடல் மட்டம் உயர்ந்தே இருக்கும், ஓடைத் தண்ணீரை வாங்காது. தண்ணீர் ஊருக்குள் நின்றுகொள்ளும்.

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர்பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் தொண்டிக் கரைக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. அந்த மாதிரிக் கண்மாய்கள் ஒன்றன் மறுகால், அதாவது நிறைந்து வழிகிற தண்ணீர், இன்னொன்றில் பாய்கிறபடி சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. மேலே ஒன்று உடைத்தால் கீழே வரிசையாக உடைக்கும். தண்ணீர் போதாத வருடங்களில், தண்ணீர் வழிகிற இடமான கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கிக் கூடுதலாகத் தேக்குவது விவசாயி வழக்கம். புயல் வருகிறதென்றால் முதலில் எடுக்க வேண்டியது அந்த மூட்டையைத்தான். அதை எடுக்கச் சொல்லப் போகிற ஆள் நீர்வளத் துறைக்காரராக இருந்தால் சண்டை வரும். ஊரில் மடை பார்க்கிற பெரியவராக இருந்தால் எடுத்துவிடுவார்கள்.

மதுரைக்குள்ளேயும் சங்கிலி இருக்கிறது, வீடுகளுக்கு அடியில். 2024 அக்டோபர் 25 அதிகாலையில் 'டானா' புயல் ஒடிசாவில் கரையைக் கடந்தது. அன்று மாலை இங்கே கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குத் தண்ணீர் போக வழி போதவில்லை. ஆறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பிறகு சிமெண்ட் கால்வாய்க்கு அரசு பணம் ஒதுக்கியது.

கரை கடந்த மூன்றாம் நாள் டோக்கன் கொடுக்கத் தொடங்குவார்கள். கடல் கலங்கிய பிறகு முதல் மீன்பிடியில் மீன் நன்றாக விழும் என்பார்கள். கரிமேட்டில் நகரை வந்துவிடும், விலை இறங்கும். சித்தி முகாமிலிருந்து வீடு திரும்பித் திண்ணை மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பார். அந்நேரம் வைகை அணையில் 69 அடி என்று தண்டோராவுக்குப் பதில் வாட்ஸ்அப் வந்திருக்கும். அந்தச் செய்தி சோழவந்தான் வரை, மதுரை வரை எல்லார் செல்போனிலும் இருக்கும். சித்தியிடம் கேட்டேன், போன தடவை உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று. "வைகைத் தண்ணியா? அது இங்க வந்தா சந்தோசம்தானப்பா" என்றார்.